மச்சானின் இரட்டை இங்கிலீஷ்

1934 ஜூன் 4
மழை. சாலைக் கடைத்தெருவே நனைந்தது. என் குடை ஓட்டை மட்டும் என் வழுக்கையைத் தேடிப் பிடித்துச் சொட்டியது.

மகள் ராகேலுக்கு நர்ஸ் படிப்புக்கு மனு போடவேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி ஆபீசில்தான் ஆள் எடுக்கிறார்கள். எட்டே பெண்கள். இந்த வருஷம் விட்டால் அவளுக்கு வயசு தாண்டிவிடும். நான் அதே ஆபீசில் பியூன். மனுவைச் சுமக்கத் தெரியும், இங்கிலீஷில் எழுதத் தெரியாது. ஆகவே மச்சான் ஞானசிகாமணி. என் பெண்டாட்டி தாசம்மாளின் அண்ணன், கோர்ட்டு வாசல் மாமரத்தடியில் பெட்டி வைத்து இங்கிலீஷ் மனு எழுதுகிறவர்.

ஜூன் 6
மச்சான் சாப்பாட்டுக்கு வந்தார். முதல் வரியை மட்டும் ராகம் போட்டு வாசித்தார். “மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி.” அப்புறம் ஒரு “ஈச் அண்ட் எவ்ரி”. ராகேலிடம் அர்த்தம் கேட்டேன்.

“ஈச்சும் எவ்ரியும் ஒண்ணுதாம்பா.”

“பின்னே ரெண்டு எதுக்கு மச்சான்?”

“ஒத்தச் செருப்பப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போவீராவே?”

நான் விடுவேனா? இலையில் உட்கார்ந்ததும், “தாசம்மா, சோறும் சாதமும் போடு. அதுமேல மீன் குழம்பும், மீனால வச்ச குழம்பும் ஊத்து” என்றேன். அகப்பையை ஓங்கினாள். ஓங்கியது ஒரே அகப்பைதான். மச்சான் சிரிக்கவில்லை.

ஜூன் 9
மச்சான் இன்னும் எழுதுகிறார். மூன்று நாளாக வேறு ஆளுக்கு மனுவே எழுதவில்லையாம். தாசம்மாள் இதை என்னிடம் நாலு தரம் சொல்லிவிட்டாள். சரி, சரி.

ஜூன் 10, ஞாயிறு
ஆராதனை முடிந்து ஒரு ஞானஸ்நான விருந்து. மச்சான் உள்ளே வந்தார். என் நாக்கு சும்மா இருந்ததா? “எல்லாரும் எழும்புங்க! என் மச்சானும், என் பெண்டாட்டிக்க அண்ணனும், ஆக ரெண்டு பேரும் வந்தாச்சு. ரெண்டு இலை போடுங்க!”

பந்தியே சிரித்தது. போதகர் இருமுவதுபோலச் சிரித்தார்.

மச்சான் அரக்கு முத்திரை வைத்த உறையை என் கையில் வைத்தார். “உம்ம மவளுக்குள்ளது” என்றார். சாப்பிடாமல் போய்விட்டார்.

“மூணு நாள் இருந்து எழுதினவன ஊரு முன்னால ஒரு நிமிசத்துல கிழிச்சாச்சு” என்றாள் தாசம்மாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

ஜூன் 11
உறையை ஆபீசில் மனுத் தட்டில் வைத்தேன். நூற்றுக்கு மேல் மனுக்கள். பதினோரு வருஷமாகக் கதவோரம் நிற்கிறவன் நான். சூப்பிரண்டு ஸ்ரீகண்டையர் எப்படிப் பார்ப்பார் என்று தெரியும். ஒரு தாள் என்றால் உடனே வாசிப்பார். கனமாக இருந்தால் கையில் தூக்கிப் பார்த்து, “அப்புறம்” என்று இடது கூடையில் போடுவார். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை.

உறையைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஐந்து தாள் இருக்கும். கர்த்தாவே.

ஜூன் 14
சூப்பிரண்டு கூப்பிட்டார். உறைமேல் என் பேரைப் பார்த்ததால்தான் கூடைக்குப் போகாமல் தப்பியிருக்கிறது.

“சுவாமிதாஸ், உனக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல சாமி. நல்லா இருக்கேன்.”

“ஒரு கால் கல்லறைக்குள்ள இருக்குன்னு உன் பொண்ணு எழுதியிருக்காளே?” சாகக் கிடக்கிறான் என்பதை இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்களாம்.

குனிந்து இரண்டு காலையும் பார்த்தேன். “எந்தக் காலுன்னு எழுதலியா சாமி?”

மூக்குப்பொடி பறக்கச் சிரித்தார். சட்டென்று முகம் மாறியது. “சிரிக்கற விஷயமில்லை. பொய்யுன்னு தள்ளவேண்டிய மனு இது.”

கையைக் கூப்பினேன். “சாமி, அது எங்க மச்சான் எல்லா மனுவுலயும் வைக்கிற காலு. போன மாசம் ஒரு தேங்கா வியாபாரிக்கும் இதே காலுதான். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. உறைக்கு அரக்கு வச்சதும் அவருதான்.”

சிவப்புப் பென்சிலை எடுத்தார். அடித்தார், அடித்தார். ஐந்து தாளில் தப்பியது பேர், வயசு, பாஸான பரீட்சை, வேண்டுகோள்.

“நாளைக்குள்ள அவளே தன் கையால எழுதட்டும். பியூன் பொண்ணுன்னு தயவு கிடையாது, கேட்டியா?”

ஜூன் 15
ராகேல் எழுதினாள். நாலே வரி. எனக்கு எண்ணத்தான் தெரியும். காலையிலேயே தட்டில் வைத்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் மேலே.

சிவப்புக் கோடு போட்ட ஐந்து தாளும் என் கோட்டுப் பையில். இதை வைத்துப் பத்து வருஷம் சிரிக்கலாம்! மத்தியானம் நேரே மாமரத்தடிக்கு நடந்தேன். மச்சான் ஒரு கிழவியிடம், “அப்பா இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். “அவரு செத்து முப்பது வருசம் ஆச்சே” என்றாள். “அது கெடக்கட்டு” என்று எழுதினார். செத்தவருக்கும் அதே கால்தான் போல. யாருக்கு வரும் இப்படி ஒரு வாய்ப்பு?

என்னைப் பார்த்ததும் பேனாவை வைத்தார். பந்தியில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. “அரக்கு உடைச்சாச்சா? வாசிச்சாரா?” பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி முகம்.

கையைப் பையிலிருந்து எடுத்தேன். வெறும் கை.

“ஒரு வரி விடாம வாசிச்சாரு மச்சான்.”

பொய் இல்லையே?

ஜூலை 2
பட்டியலில் ஆறாவது பேர் ராகேல். தாசம்மாள் அழுதாள். பிறகு என்னோடு பேசினாள்.

ஜூலை 8, ஞாயிறு
மச்சான் வந்தார். புது வேட்டி. அடுத்த வீட்டு ராஜபாய் வரைக்கும் சொல்லியாயிற்று, தம் மனுவால் கிடைத்த இடம் என்று. ராகேல் என்னைப் பார்த்தாள். தாசம்மாளும் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“அண்ணனுக்குச் சோறு போடு” என்றேன். அவ்வளவுதான்.

மச்சான் இலையில் தண்ணீர் தெளித்தபடி நிமிர்ந்தார்.

“சோறு மட்டுந்தானாவே? சாதம் இல்லியா?”