பன்னிரண்டு வலம்புரி

கீழக்கரை,
12.3.1958

பிரியமுள்ள மச்சானுக்கு, மெஹருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது.

உம்மாவும் மகள் ஹமீதாவும் நானும் நலம். கொழும்பில் உங்கள் உடம்பும் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பொம்பளை எழுதிய படத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் மாட்டுவார்கள் என்று போன கடிதத்தில் கேலி செய்திருந்தீர்களே, இப்போது கேளுங்கள். நான் வரைந்த மன்னார் வளைகுடா வரைபடம் நம் ஜில்லாவின் எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் தொங்கப் போகிறது. அடியில் என் பெயரோடு.

கைக்கு வந்தது நழுவத்தான் பார்த்தது. சிவகாசியிலிருந்து மாதிரி அச்சு வந்ததும் பூரித்துப்போய் உம்மாவிடம் காட்டினேன். உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னடி இது, ஓரத்துச் சங்கு பன்னெண்டும் வலம்புரியா இருக்கு? ஒங்க வாப்பா முப்பது வருசம் சங்கு குளிச்சும் ஒன்னக்கூடக் கண்டதில்லையே" என்றார்.

படத்தின் ஓரத்தில் நான் இடம்புரியாக வரைந்திருந்த சங்குகளை அழகுக்காக அச்சகத்தில் திருப்பி எழுதிவிட்டார்கள். லட்சத்தில் ஒன்று கிடைக்கிற வலம்புரி, என் படத்தில் வரிசை கட்டி நிற்கிறது. நானே கவனிக்கவில்லை, வெட்கக்கேடு. சங்கு குளிக்கிறவர்களின் பிள்ளைகள் பார்த்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

பள்ளிக்கூடப் படங்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப ஐந்தே நாள்தான் இருந்தது. தம்பி கபீரோடு நானே சிவகாசிக்கு பஸ் ஏறிவிட்டேன். கோபிக்காதீர்கள், துப்பட்டி போட்டுத்தான் போனேன். குழுவில் யாரம்மா சங்கைப் பார்க்கப் போகிறார்கள் என்றார் அச்சக முதலாளி. எனக்கு வந்ததே கோபம். வீட்டிலிருந்து கொண்டுபோன இடம்புரிச் சங்கை அச்சுக்கல் மேல் வைத்து, பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றேன்.

கல்லில் படம் எழுதுகிற சோணைமுத்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மாரியூர்க்காரராம். முகம் செத்துப்போய்விட்டது. "எங்க ஊர்க் கடலையே தப்பா எழுதிட்டேனே. அழிச்சிருவோம் மொதலாளி" என்றார். மூன்றாம் நாள் புது அச்சு வந்தது.

கடைசியில் குழுவின் முன் போய் நின்றபோது சங்கைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் கொழும்புக்கு ஏன் புள்ளி வைத்தாய் என்றுதான் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாப்பாமார் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஒரு பிரதியை நம் வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஹமீதா தினமும் ஸ்டூலில் ஏறி, கீழக்கரையில் கட்டைவிரலை வைத்துக் கொழும்பு வரை சாண் போடுகிறாள். "வாப்பா ஒரு சாண் தூரத்துலதானே இருக்காங்க, மூணு வருசமா ஏம்மா வரல?" என்கிறாள்.

அளவெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன் மச்சான். நோன்புக்குள் வந்து நீங்களே பாருங்கள். அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
மெஹருன்னிசா