மாரினின் முதல் விருப்பம்

போர்ட் லிங்கன்
26 மே 2019

அன்புள்ள நேவா,

போனில் பேசினால் எனக்குப் பாதி காதில் விழுவதில்லை, அதனால் கடிதம். அடிலெய்டில் மகள் வீட்டுக் குளிர் எப்படி? மூட்டு வலிக்கு நான் அனுப்பிய எண்ணெயைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியிடங்களுக்குப் போய் வேலை பழகும் வாரம் ஜூலையில் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்தோறும் பள்ளிக்குப் போய்க் கைகொடுக்கிறேன். புது ஆசிரியர் பொடியன். பிள்ளைகளின் கண்ணில் ஏதோ ஒரு கருவியை மாட்டிவிட்டு, இதுதான் சுரங்கம், இதுதான் ஆஸ்பத்திரி என்று காட்டுகிறார். நாற்றமே இல்லாத இறைச்சிக்கூடத்தை அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நம் காலத்தை நினைத்துக்கொண்டேன். உன் சமையலறை மேசையில் எழுபது அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை வேலை பழக விரும்பும் மூன்று இடங்கள், பென்சிலில். கடைசி நாள்வரை பிள்ளைகள் மனசை மாற்றுவார்கள் என்று பென்சில் வைத்தது நான். நீ போனை எடுத்து, "ஏய் கெவின், போன வருஷம் வந்த பையன் கோதுமையெல்லாம் கொட்டிட்டான்னு தெரியும். இந்தப் பொண்ணு அப்படி இல்ல, பேசாம எடுத்துக்கோ" என்று தானியக் கிடங்குக்காரனை மடக்குவாய். படகுச் சாமான் கடையில் இருந்த உனக்கு ஊரில் யாரைத்தான் தெரியாது? சவப்பெட்டிக் கடைதான் வேண்டும் என்று எழுதிய ரோவினாவை மறந்திருக்க மாட்டாய். அவள் அம்மா நம்மை அடிக்காத குறை. இன்று அந்தக் கடையே அவளுடையது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். உன் பேத்தி டெஸ் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. முதல் விருப்பமாக வானொலி நிலையத்தை எழுதியிருக்கிறாள். உன் மகன் மாரின் படிவத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறான். "என் விருப்பத்தை கிளெனிஸ் மிஸ் என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுது அவங்க கைக்குப் போக வேணாம்" என்றானாம். ஜூன் 21 கடைசி நாள். நீ அவனிடம் பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று உனக்கே தெரியும்.

மாறாத அன்புடன்
கிளெனிஸ்


அடிலெய்டு
2 ஜூன் 2019

என் கிளென்,

எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது. திட்டிக்கொள்.

உன் கடிதத்தின் முதல் பாதிக்கு வாய்விட்டுச் சிரித்தேன். புதன்கிழமைகளில் உன் மஞ்சள் காரில் இடம் இடமாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருவோமே. மாட்டு வைத்தியரிடம் விட்ட பையன், பசு கன்று போடுவதைப் பார்த்து மயங்கி விழுந்தானே. பசு எழுந்து புல் மேயப் போன பிறகும் அவன் எழவில்லை. ஆயுசில் நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்தக் காரில்தான்.

பின்பாதி வேண்டாம். மாரின் இன்று வங்கியில் மேலாளர். வீடு, குடும்பம், எல்லாம் இருக்கிறது. அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, என் தம்பி இவோவைக் கடல் கொண்டுபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் விருப்பமாக, சூரை மீன் பிடிக்கும் படகு என்று இவன் எழுதியிருந்ததைப் பார்த்தேன். நீ தேநீர் போட எழுந்தாய். நான் அதை அழித்துவிட்டு வங்கி என்று எழுதினேன். தாய் வேறென்ன செய்வாள்? அவன் உன்னிடம் கேட்டபோது நீயே மாற்றியதாகச் சொன்னாய். நான் சொல்லச் சொன்னேனா? இருபத்தாறு வருடம் சுமந்தவள் இன்னும் கொஞ்சம் சுமக்கக் கூடாதா? டெஸ் சின்னப் பெண், ஒரு வாரம் போனால் போகட்டும். கிளறாதே.

உன் நேவா


போர்ட் லிங்கன்
9 ஜூன் 2019

நேவா,

நீ சொல்லச் சொல்லவில்லை, உண்மைதான். தேநீரோடு திரும்பியபோதே அட்டையில் உன் எழுத்தைப் பார்த்துவிட்டேன். முதல் விருப்பத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது நானே வைத்த விதி. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லி முழங்குகிறவள், உன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

வேலை வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை காலையில் மாரின் அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "மிஸ், நான் படகுன்னுதானே எழுதினேன்?" என்றான். "இடம் இல்லடா, நான்தான் மாத்தினேன்" என்றேன். அதிலிருந்து என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறான். போன மாதம் ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும், வாங்க வந்ததை வாங்காமல் வெளியே போனான். எனக்கு வலிக்கிறது. என் மடியில் தூங்கிய பிள்ளை அவன்.

உனக்காகச் சுமந்ததற்கு நான் வருந்தவில்லை. டெஸ் யாருக்காகச் சுமக்க வேண்டும்? நீ அவனுக்குச் செய்ததை, தெரியாமலே அவன் தன் மகளுக்குச் செய்கிறான். நீ சொல்லாவிட்டால் நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இனி உனக்கு எழுதவும் மாட்டேன்.

கிளெனிஸ்


அடிலெய்டு
30 ஜூன் 2019

கிளென்,

மாரினை வரச் சொன்னேன். பதினைந்தாம் தேதி ஏழு மணி நேரம் காரோட்டி வந்தான். அவனுக்குப் பிடிக்கும் என்று முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வேகவைத்திருந்தேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அப்படித் தள்ளினால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. தட்டை வைத்த கையோடு சொல்லிவிட்டேன்.

அவன் கத்தவில்லை. "நீ அழிச்சதுகூடப் பரவாயில்லம்மா. மாமா செத்த நேரம், புரியுது. ஆனா அந்த மிஸ்ஸ நான் திட்டினப்பல்லாம் நீ பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தியே. அவங்க வீட்டுக்காரர் செத்தப்போ நான் போகல. அப்பவாவது போடான்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

சொல்லியிருக்கலாம் என்றேன். தட்டைத் தொடாமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டானாம். டெஸ் போனில் குதித்தாள். நிலையத்தில் காலைச் செய்தியில் வானிலையை இவளையே படிக்கச் சொல்லப்போகிறார்களாம்.

முதலில் உன் மேல் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. என்னை மன்னித்துவிடு, கிளென். இதை நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

மாரின் ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூப்பிடுவான். அவன் கூப்பிடாத மூன்றாவது ஞாயிறு இது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

உன்னைப் பார்க்க வரப்போகிறானாம், டெஸ் சொன்னாள். வந்தால் எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல். அவன் போன பிறகு எனக்கு ஒரு வரி எழுது. பேச்சுக்கு நடுவில் ஒரு தடவையாவது அம்மா என்று சொன்னானா, அதை மட்டும்.

நேவா