சமையலறைக்குப் போன சூடு

நீ அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. சாப்பாடு செய்து மூடி வைத்திருக்கிறேன். நான் பொருத்திய ஏசியை மட்டும் இன்றைக்குப் போடாதே.

பழைய இரும்புக் கடையில் எடுத்ததென்றாலும் இயந்திரத்தில் குறையில்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. ஓரிடத்துச் சூட்டை உறிஞ்சி இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியை வெட்ட மனம் வராமல், சூடு போகும் குழாயைச் சமையலறைக்குள் விட்டேன். "அங்க ஏற்கெனவே சூடுதானே, வித்தியாசமே தெரியாது" என்றும் சொன்னேன்.

"அப்ப நீங்களே வந்து அடுப்புகிட்ட நில்லுங்க" என்றாய். நான் நிற்கவில்லை, படம் வரைந்து விளக்கினேன். நீ பேச்சை நிறுத்தி இன்றோடு நான்கு நாள்.

இன்று காலை ஏசியைப் போட்டுவிட்டுத்தான் சமைத்தேன். வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் சட்டையைப் பிழியலாம் போல ஆகிவிட்டது.

பதினொரு மணிக்குக் கண்ணாடி வெட்டுகிறவர் வருவார். படுக்கையறை ஜன்னலைக் காட்டு.

பி.கு.: அவருக்கு எதையும் விளக்க வேண்டாம். போனிலேயே இருபது நிமிடம் விளக்கிவிட்டேன், பாவம்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நீ சொன்னதுதான் சரி. இதற்கு விளக்கம் எதுவும் இல்லை.