மாரிக்கண்ணன் ஓடப்போன பக்கம்

செப்டம்பர் 12, 2025, வெள்ளி

காரியாபட்டியில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை யாரென்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சாம்பார் வாளியோடு நின்றவன் சொல்லிவிட்டான்: "இவுகளத் தெரியலையா? நம்ம பாக்ஸர் மாரிக்கண்ணனுக்குப் பெரியப்பா."

முப்பத்து மூன்று வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். சாம்பார் ஊற்றியவனுக்கே ஒளிவிலகல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், கண்ணாடித் தம்ளரில் பென்சிலை நிறுத்தி. அதெல்லாம் போய், இப்போது நான் ஒருவனுக்குப் பெரியப்பா.

மாரிக்கண்ணன் என் சகலை சங்கரலிங்கத்தின் மகன். என் மனைவி செல்வலட்சுமியின் தங்கை நாகஜோதியைக் கட்டியவன் லிங்கம். பரளச்சிப் பக்கம் பருத்தி போடுவான். மழை ஏமாற்றினால் லோடு வண்டி ஓட்டுவான். கல்யாணம் ஆன புதிதில், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொல்வான். அப்போதெல்லாம் அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ். இடுப்பில் பெல்ட்டோடு ஆளுயரத்துக்கு மாரிக்கண்ணன். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் வட்டப் படங்கள். ஆறாவது வட்டம் நான். ஐந்தாவது, லிங்கத்தின் லோடு வண்டி கிளீனர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பரீட்சையில் முப்பது முப்பத்தைந்து என்று எடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தொண்ணூறு எடுத்தால், விடைத்தாளைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். பக்கத்து பெஞ்சில் யார் இருந்தான் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மாரிக்கண்ணன் விஷயமும் அப்படித்தான். சின்ன வயதில் ஒல்லி. நெஞ்சில் எப்போதும் சளி. என் மகன் ஜெகதீஸ்வரன் அவனைவிட ஒரு வயது மூத்தவன், நல்ல வாட்டசாட்டம். இரண்டு பேரும் சேர்ந்துதான் விளையாட்டு விடுதிக்குப் போனார்கள். மாநிலத் தேர்வில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். மூன்றாவது சுற்றில் நடுவர் கையை விரித்து நிறுத்தினார். ஜெகன் நின்ற நிலையிலேயே தோற்றான்.

ஜெகன் இப்போது மதுரையில் செல்போன் ஷோரூமில் நிற்கிறான். இவன் பாங்காக்கில் ஆசியப் பட்டத்துக்குச் சண்டை போடப் போகிறான்.

ஊக்கமருந்து பற்றி போனில் படிக்கிறேன். ஸ்டீராய்டு எடுத்தால் முதுகில் பரு வருமாம். தோள் திரளுமாம், கோபம் கூடுமாம். போன மாதம் கிணற்றில் குளித்தபோது அவன் முதுகைப் பார்த்தேன். நிறையப் பரு. ரேக்ளா பந்தயத்தில் மாட்டுக்குச் சாராயம் ஊற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடு ஓடும். ஜெயிக்கவும் செய்யும். அது மாட்டின் வேகமா?

அவன் மருந்து போட்டிருந்தால் என் மகன் தோற்கவே இல்லை. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் படிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

லிங்கம் வந்திருந்தான். முகம் சரியில்லை.

"அண்ணே, ஒரு ஒத்தாசை வேணும். பட்டத்துக்குச் சண்டை போடுற பயலுகள சொல்லாமக் கொள்ளாம வந்து சோதிப்பாகளாம். தினமும் ஒரு மணி நேரம் இந்த இடத்துல இருப்பேன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துறணும். ரெண்டு தடவ வந்து ஆளக் காணோம்னு போயிட்டாக."

"ஏன், எங்க போனான்?"

"ஒருக்கா மதுரையில ஜிம்மு கதவு பூட்டிக் கெடந்துச்சு. ஒருக்கா நம்ம தோட்டத்து வீட்டுக்கு வழி தெரியாம அவுக பரளச்சியச் சுத்திட்டுப் போயிட்டாக. போன்ல டவரும் கெடைக்கல. மூணாவது தடவையும் இல்லேன்னா மருந்து போட்டவன் கணக்காம்ணே. சண்டையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்க வீடுன்னா திருச்சுழி மெயின்லயே இருக்கு. வாத்தியார் வீடுன்னா யாரும் சொல்லுவாக."

பள்ளிக்கூடத்தில் பறக்கும் படை வரும் என்று தெரிந்தால் சில பையன்கள் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார்கள். லிங்கத்திடம் இந்த உதாரணத்தைச் சொல்லவில்லை. "அனுப்பு" என்றேன்.

இரண்டு தடவை இல்லை. இரண்டு தடவையும் தற்செயலா?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஜெகன் வந்தான். மாரிக்கண்ணன் முதுகைப் பற்றி ஜாடையாகச் சொன்னேன். அதிரசத்தைத் தின்றுகொண்டே, "வேர்வையில எனக்குந்தான்பா பரு வரும்" என்றான். அடுத்த அதிரசத்தை எடுத்தான். அவனுக்கு ரோஷமே இல்லையா?

அக்டோபர் 31, வெள்ளி

மாரிக்கண்ணன் பெட்டியோடு வந்துவிட்டான். சண்டை டிசம்பர் ஏழு. அதுவரை இங்கேதான் ஜாகை. காலை ஆறிலிருந்து ஏழு வரை இந்த வீட்டில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறான். தட்டைத் தானே கழுவுகிறான். செல்வலட்சுமிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குகிறான். அவள் அவனுக்கு மட்டும் இரண்டு முட்டை கூடுதலாக அவிக்கிறாள். முட்டையைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளாகிவிட்டேன்.

அவன் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். புரத மாவு டப்பா, மூட்டுவலித் தைலம், துணி. வேறொன்றும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் – அந்தச் சொல்தான் சரி.

நவம்பர் 5, புதன்

மழை. கரிசல் பசையாகிவிட்டது. தினமும் செருப்பைச் சுரண்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

நவம்பர் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நேற்று சாப்பிடும்போது மாரிக்கண்ணன் சொன்னான்: "காலைல ரெட்டியபட்டி ரோட்டுல போயி, கம்மாக் கரையச் சுத்தி ஆறு மணிக்குள்ள வந்துருவேன் பெரியப்பா." நானும் இருந்தேன், லீவுக்கு வந்திருந்த ஜெகனும் இருந்தான்.

இன்று ஆறடித்து அவன் வரவில்லை. செல்வலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெகன் மாடியில் தூக்கம். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கழுத்தில் அட்டை, கையில் நீலப் பெட்டி, கண்ணாடி போட்ட இளைஞர்.

"சார், மாரிக்கண்ணன் இருக்காரா? டோப் டெஸ்ட்டுக்கு வந்திருக்கோம்."

"ஓடப் போயிருக்கான். உள்ள வாங்க."

"போன் எடுத்துட்டுப் போயிருக்காரா?"

அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனைக் காட்டினேன்.

"எந்தப் பக்கம் சார் ஓடுவாரு?"

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. "இன்ன பக்கம்னு இல்ல. நாலு பக்கமும் ஓடுவான்" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

பிறகு காப்பி போட்டேன். நானேதான் போட்டேன். பாலைச் சிறு தீயில் வைத்தேன், அவசரமே இல்லாமல். குடித்து முடித்ததும் இன்னொன்று. முறுக்கு. சிறுநீரில் மருந்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவரைக் கேட்டேன். அவர் சொன்னதை, மையில் நனைத்த சாக்பீஸில் நிறங்கள் ஏறிப் பிரிவதை உதாரணம் காட்டி அவருக்கே திருப்பி விளக்கினேன். மனுஷர் நெளிந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஏழு அடித்தால் போதும். மூன்றாவது முறை. அப்புறம் ஊரே சொல்லும். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படியில் சத்தம். தலையைச் சொறிந்துகொண்டே ஜெகன் இறங்கி வந்தான்.

"என்னப்பா விடியக்காலைலேயே பாடம் நடக்குது? மேல வரைக்கும் கேக்குது."

நீலப் பெட்டியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"கண்ணன் வரலையா? ஐயையோ. சார், நீங்க வாங்க. ரெட்டியபட்டி ரோட்டுலதான் இருப்பான்."

"எந்தப் பக்கம்னு தெரியாதுன்னு சொன்னாரே..."

ஜெகன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. "காரு கம்மாக் கரையில ஏறாது சார். பைக்ல பின்னாடி உக்காருங்க. பெட்டிய மடியில வச்சுக்கங்க."

போனார்கள். நான் தம்ளர்களைக் கழுவினேன்.

ஏழடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கினார்கள். மாரிக்கண்ணனுக்கு முழங்கால் வரை சேறு. களையெடுக்கப் போகிற பெண்களை ஏற்றிய ஷேர் ஆட்டோ கண்மாய்க் கரைச் சேற்றில் புதைந்துவிட்டதாம். தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"'ஏலே பாக்ஸரு, இன்னொரு குத்து விடு, ஆட்டோ கெளம்பிரும்'னு ஆட்டோல இருந்த பெத்தம்மாக் கெழவி விட மாட்டேங்குது பெரியப்பா. நேரம் போனதே தெரியல." சிரிக்கிறான்.

அந்த அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்க, கழிவறைக் கதவைத் திறந்து வைத்துப் புட்டியில் பிடித்துக் கொடுத்தான். இருபத்து மூன்று வயதுப் பையன். நான் முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 10, திங்கள்

ஜெகனை பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாப்பில் நின்றதும் கேட்டான்.

"எத்தன காப்பிப்பா குடுத்தீக?"

"...ரெண்டு."

"அவன் எதுவும் போடலப்பா. விடுதில நானும் அவனும் ஒரே ரூம்பு. விடியிறதுக்கு முந்தி எந்திரிச்சு என்னைய எழுப்புவான். 'ஜெகா, வாடா, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்துரலாம்'பான். நான் போர்வைய இழுத்துப் போத்திக்குவேன். தினமும். அதான் நடந்துச்சு. நான் ஒத்துக்கிட்டேன். நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறீக."

பஸ் வந்தது. ஏறிவிட்டான். கையை ஆட்டவில்லை.

நவம்பர் 13, வியாழன்

லிங்கம் ஒரு பை நிலக்கடலையோடு வந்தான். வாசலில் நின்றே சத்தமாகச் சொல்கிறான், தெருவுக்கே கேட்கட்டும் என்று: "எங்க அண்ணன் மட்டும் அவுகள உக்கார வச்சு, காப்பி மேல காப்பி குடுத்துப் பிடிச்சு வைக்கலேன்னா என் மகன் கதை முடிஞ்சிருக்கும். படிச்சவுக படிச்சவுகதான்!"

செல்வலட்சுமிக்கும் பெருமை.

கடலையை வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

கடலை அப்படியே இருக்கிறது. என்னால் தின்ன முடியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. சுத்தம்.

என் மகன் தோற்றது தோற்றதுதான்.

நவம்பர் 30, ஞாயிறு

பரளச்சிக்குப் போனேன். லிங்கம் பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைத்தால் உதாரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

"லிங்கம், நான் அவரப் பிடிச்சு வைக்கல. கண்ணன் எந்தப் பக்கம் போனான்னு எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தேன். ஏழடிக்கட்டும்னுதான் காப்பி குடுத்தேன்."

கைத்தெளிப்பானை இறக்கி வைத்தான்.

"எதுக்குண்ணே?"

இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "வயித்தெரிச்சல்" என்றேன்.

அவன் தெளிப்பானைத் திரும்ப முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். சாயங்காலம் நாகஜோதி ஆள் அனுப்பி மாரிக்கண்ணனின் பெட்டியை எடுத்துக்கொண்டாள். செல்வலட்சுமி காரணம் கேட்டாள். சொன்னேன். இன்று எனக்குத் தனியாகச் சோறு வைத்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

லிங்கம் தோட்டத்தில் திரை கட்டி ஊரே சண்டை பார்க்கிறதாம். எங்களை அழைக்கவில்லை. நானும் செல்வலட்சுமியும் என் போனில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது.

மாரிக்கண்ணனின் மூலையில் வாளியோடு ஜெகன்! ஷோரூமில் லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருக்கிறான். எங்களிடம் சொல்லவே இல்லை. சுற்றுக்குச் சுற்று அவன் முகத்தைத் துடைத்துவிடுகிறான், காதில் ஏதோ சொல்கிறான். அந்தப் பையன் அப்படியே கேட்டுக்கொள்கிறான். நான் சொன்னதை ஜெகன் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. இதற்கும் பொறாமை.

புள்ளிகளில் தோற்றான் மாரிக்கண்ணன்.

அறிவித்த அந்த நொடியில் உள்ளே ஏதோ குளிர்ந்தது. ஒரு நொடிதான். ஆனால் குளிர்ந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? பக்கத்தில் செல்வலட்சுமி அழுதுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 8, திங்கள்

ஜெகன் பேசினான். "பாத்தீங்களாப்பா?" என்றான். "ஒம்மூஞ்சியத்தான் பாத்தேன்" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் போன். மாரிக்கண்ணன்.

"பெரியப்பா, நல்லா இருக்கீகளா? ஜனவரியில இருந்து மூணு மாசத்துக்கு மறுபடியும் அட்ரஸ் எழுதிக் குடுக்கணும். உங்க வீடுதான் போட்டிருக்கேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "உங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"வேற எங்கயாச்சும் போடுலேன்னு கத்துனாரு. கத்தட்டும். திருச்சுழில எனக்கு வேற யாரு இருக்கா?"

"அவன் எல்லாம் சொன்னானாடா?"

"சொன்னாரு." கூடவே, "அந்த டெஸ்ட்டு சாரு பைக்ல வர்றப்ப சொன்னாரு பெரியப்பா, காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றான். அவன் சிரித்ததைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இருமுகிற மாதிரி பாவனை செய்தேன்.

லிங்கத்தின் மேல் எரிச்சல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றைக்கு இன்னும் கூடியிருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையைப் பெறுவதற்கு அவன் என்ன செய்தான்?

"யாரு போன்ல?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் செல்வலட்சுமி. "உன் தங்கச்சி மகன்" என்று சொல்ல வந்து, "நம்ம கண்ணன்" என்றேன். அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு வாசலுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்திப் பார்த்தேன். அடிக்கவில்லை. எலக்ட்ரீசியனுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி ஒன்றுக்குள் வந்து புது மணி மாட்டித் தருவதாகச் சொன்னான்.