வேலிக்குள் உள்ளவை எல்லாம்

கிழக்குத் தாம்பரம்,
மே மாதம், 1972.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஜெபசீலனுக்கு அப்பா அப்பாதுரை சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மா ரத்தினபாயும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கவில்லை. போட்டோ வந்தது, பார்த்தேன். கம்பளிக் கோட்டுக்குள் கன்னம் சதை போட்டிருக்கிறாய்.

எழுதுகிறவர் பக்கத்து வீட்டு ஹில்டா டீச்சர். சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள் அம்மா, அங்கங்கே தேன் தடவாதீர்கள் என்று கேட்டிருக்கிறேன். போன தடவை நான் சொன்னதை அவர் அழகுபடுத்தி எழுதியதில், நான் அழுததுபோல ஆகிவிட்டது. நான் அழவில்லை.

உன் கடிதத்தை டீச்சர் இரண்டு தடவை வாசித்துச் சொன்னார். பூமியில் உள்ள உயிரையெல்லாம் ஒரே தராசில் ஏற்றினால் யார் எவ்வளவு என்று எழுதியிருந்தாய். கிட்டத்தட்ட எல்லாமே மரம் செடி புல்தான், மீதிக் கொசுறில் புழுவும் கரையானும் மீனும் மாடும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதிலும் கடைசியில்தான் மனுஷன் என்று. எனக்குப் புரிகிற மாதிரி நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு மூட்டை அரிசியைக் கொட்டிவிட்டுக் கோணியை உதறினால், தையலில் நாலைந்து குருணை ஒட்டிக்கொண்டு நிற்கும். உலகத்தில் உள்ள சனம் மொத்தமும் அந்தக் குருணை. விறகுத் தொட்டியில் நாற்பது வருஷம் எடை போட்டவன் நான், எனக்கு இது அதிசயமாகப் படவில்லை. விறகுதான் கனம். வாங்க வருகிறவனுக்கு என்ன கனம் இருக்கிறது?

உன் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நம் காட்டில் நீ கம்பி வேலி போட்ட சதுரத்தை மழைக்கு முன்னால் ஒட்ட அறுத்து, காயவைத்து, எடை எழுதி அனுப்பச் சொல்கிறாய். அது வராவிட்டால் உன் பட்டம் நின்றுபோகும், பணம் கொடுக்கிறவர்கள் கையை விரித்துவிடுவார்கள், மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வரவேண்டியதுதான் என்கிறாய். தெரியும். அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன். வேலிக்குள் யாரோ குடிசை போட்டிருக்கிறார்கள் என்று நான் சொல்லி அனுப்பியதற்கு, யாராக இருந்தாலும் கிளப்பிவிடுங்கள், புல் மிதிபடுகிறது என்று எழுதினாய். யார் என்று கேட்கவில்லை.

எனக்கு எழுத்து வராது. ஆனால் கேட்டது மறக்காது. கயிறு பிடித்துச் சதுரம் போட்ட அன்று நீ என்னிடம் சொன்ன சட்டம் இது: கோட்டுக்குள் உயிரோடு இருப்பது எதுவும் விட்டுப்போகக் கூடாது, வெளியே இருப்பது எதுவும் சேரக் கூடாது. அந்தச் சட்டத்தை நீ எப்படிக் காப்பாற்றினாய் என்று பார்த்தவன் நான். கரையான் புற்றை வெட்டி, வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். மண்புழுவைத் தகர டப்பாவில் போட்டு அடுப்பின்மேல் காயவைத்தாய். உயிரில் முக்கால்வாசி தண்ணீர், தண்ணீரைச் சேர்த்தால் பொய் எடை, காய்ந்த எடைதான் நிஜம் என்றாய். ஈர விறகை விற்றதாக என்னைத் திட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தார்கள். என் மகன் யோக்கியமான வியாபாரி ஆகியிருப்பான் என்று நினைத்தேன்.

பிறகு அந்த வெள்ளாடு. மேடவாக்கம் ரோட்டில் குடியிருந்த கன்னியம்மாவின் ஆடு கம்பிக்கு அடியில் நுழைந்து மேய்ந்துவிட்டது. விரட்டிவிடுவாய் என்று பார்த்தேன். புல் ஆட்டின் வயிற்றில் இருக்கிறது, அது இந்தச் சதுரத்துப் புல், எனக்கு அது வேண்டும் என்று சொல்லி அங்கேயே அறுக்கச் சொன்னாய். இரைப்பையைப் பிதுக்கிப் புல்லை எடுத்தாய். ஆடு சினையாக இருந்தது. உள்ளே இரண்டு குட்டி, ரோமம்கூட முளைக்கவில்லை. இது எதற்கடா, தூக்கிப் போடு என்றேன். கோட்டுக்குள் செத்தது கோட்டுக்குள் கணக்கு அப்பா என்று சொல்லி அதையும் தராசில் வைத்து எழுதினாய். ஆட்டுக்கறியை உன் அம்மா குழம்பு வைத்தாள். நீ இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய்.

மறுநாள் கன்னியம்மா வந்து கம்பிக்கு வெளியே நின்று கத்தினாள். இன்னாய்யா படிச்சவரே, புல்லுக்கோசரம் ஆட்டை அறுப்பியா, நாளைக்கு உன் நெல்லைத் தின்னா என்னையும் அறுப்பியா என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டு அவளுக்காகக் கம்பியைத் தூக்கிப் பிடித்தாய். என்னையே செருப்பில்லாமல் வரச் சொன்னவன், யாரையும் உள்ளே விடாதவன், தூக்கிப் பிடித்தாய். அதற்குப் பிறகு பல நாள் காலையில் வேலிக்கு நடுவில் புல் சாய்ந்து கிடந்தது. என்னடா இது என்று கேட்டதற்குக் காற்று என்றாய். அந்த மாதம் பூராவும் ஒரு இலை அசையவில்லை. எனக்கு அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நீ மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினபோது அவளும் அங்கே வந்திருந்தாள். உனக்குத் தெரியாது. மாலை போட்டவர்களுக்குப் பின்னால் நின்றாள். வயிறு தெரிய ஆரம்பித்தபோது அவள் அண்ணன் அடித்துத் துரத்தினான். போக வேறு இடம் இல்லாமல் வேலிக்குள் நாலு பனை ஓலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பங்குனியில் ஆண் குழந்தை பிறந்தது. இதைச் சொன்னபோது டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை வேறு மாதிரி சொல்லலாமே என்றார். வேறு மாதிரி நடந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்றேன்.

நீ கிளப்பச் சொன்னாயே, கிளப்பத்தான் போனேன். போகிற வழியில் உன் சட்டம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து விறகுத் தொட்டியிலிருந்து பெரிய தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வேலியோரத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, தட்டில் ஏறி உட்காரடி என்றேன். இன்னா நைனா, என்னையும் காய வெக்கப் போறியா என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பழைய கணக்கில் மூன்று மணங்கு விறகுக்குத் தேறவில்லை, முப்பத்துநாலு கிலோகூட இல்லை. போன வருஷம் அந்தச் சதுரத்தில் அறுத்த புல் வண்டி நிறைய வந்தது, அவள் அதில் ஒரு கட்டுக்குக் காணமாட்டாள். நீ எழுதினது சரிதான்.

பிறகு குழந்தையைக் கேட்டேன். தரமாட்டேன் என்று காலைப் பிடித்துக்கொண்டாள். கையை விலக்கி வாங்கினேன். தட்டின் இரும்பு வெயிலில் காய்ந்து கிடந்தது, வைத்தவுடன் வீறிட்டது. முள் நிற்கிற வரைக்கும் நான் எடுக்கவில்லை. இரண்டு வீசைக்குக் கொஞ்சம் கூட, மூன்று கிலோ வரும். இது பச்சை எடை. காய்ந்த எடை வேண்டுமென்றால் நீ வந்து போட்டுக்கொள். இந்தக் கத்திரி வெயிலில் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. தாமதித்தால் உனக்கு அந்த வேலையும் மிச்சமாகிவிடும்.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது பொய், ஊரில் எத்தனை ஆம்பிளை, என் மகன் தலையில் கட்டுகிறாள் என்று இரண்டு மாதம் கத்தினாள். என் இடது காது மேலே மடிந்திருப்பதால் பீடி நிற்காது. உனக்கும் அப்படித்தான், நீ வலது காதில்தான் பென்சில் செருகுவாய். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தவள், ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பையனின் இடது காதில் வைத்துப் பார்க்க வேலிப் பக்கம் போனாள். திரும்பி வந்து அடுப்பில் கஞ்சி வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் கஞ்சிச் சட்டியைக் காணவில்லை. குச்சி மட்டும் வாசலில் கிடந்தது.

இப்போது என் சங்கடம் இதுதான். நீ விட்டுப்போன நோட்டை டீச்சரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். புல்லுக்கு ஒரு கட்டம், வேருக்கு ஒரு கட்டம், பூச்சி புழுவுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று, மிருகத்துக்கு ஒன்று போட்டிருக்கிறாயாம். மனுஷருக்குக் கட்டம் இல்லையாம். இவர்கள் இரண்டு பேரையும் நான் எங்கே எழுதச் சொல்வது? மிருகத்தில் போடட்டுமா என்று டீச்சரைக் கேட்டேன். அவர் எழுதமாட்டேன் என்கிறார். தாயின் வயிற்றில் இருந்த ஆட்டுக்குட்டியைக்கூட விடாதவன் நீ, நான் இதை விட்டால் உன் கணக்கு பொய்யாகிவிடும். பொய்க் கணக்குக்கு அந்த ஊரில் பட்டம் கொடுப்பார்களா?

ஆகவே நீ ஒரு கட்டம் போட்டு, அதற்கு மேலே பையனுக்கு ஒரு பெயர் எழுதி அனுப்பு. ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரி ஐயர் தகப்பன் பெயர் கேட்கிறார். அதையும் உன் கையால் எழுது. அந்தக் காகிதம் வந்த அன்றைக்கே அறுப்பு. வரும்வரை ஒரு புல்லைத் தொடமாட்டேன். உனக்காகக் கூலிக்கு அறுக்க வருகிறவனின் கையையும் வெட்டுவேன். மழை வந்தால் வரட்டும், உன் புல் அழுகட்டும். நீ மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தாலும் எனக்குச் சம்மதம்தான், உன் அம்மாவுக்கும்.

கடிதத்தையும் தபாலாபீசில் தராசில் வைத்துத்தான் அனுப்புகிறார்களாம், தாள் கூடினால் ஸ்டாம்பு கூடுமாம். அதனால் நிறுத்திக்கொள்கிறேன். அங்கே குளிர் என்கிறாய். நன்றாகப் போர்த்திக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் தம்முடைய கணக்கை எழுதும் நாளில் உன்னை விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளட்டும் மகனே.

உன் அப்பா
அப்பாதுரை, கைநாட்டு