தாய்மாமன் இல்லாத முகூர்த்தம்

துடியலூர்ப் பேரரசி அம்மணிக்கு,

ஜெர்மனியின் பள்ளிக்கூடங்களை உன் ஹெட்மாஸ்டர் மாமன் ஒவ்வொன்றாகப் படையெடுத்து வென்றுகொண்டிருக்கிறான். முந்தாநாள் ஏறிய தேவாலயக் கோபுரத்தில் நிலா இடித்து நெற்றி வீங்கிவிட்டது.

நேற்று பார்த்த பள்ளியில், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டையே உள்ளே நிறுத்தலாம் போல ஒரு லேத் பட்டறை. உன் வயதுப் பெண்கள் இரும்பைக் கேரட் மாதிரிச் சீவுகிறார்கள். "என் தங்கை மகளும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேரப்போகிறாள். அவள் வந்தால் நீங்களெல்லாம் கடையை மூட வேண்டியதுதான்" என்று அளந்துவிட்டேன்.

அந்த மிதப்பிலேயே உன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்ல எடமுங்கண்ணா. ஞாயித்துக்கெழம முகூர்த்தம்."

"தாய்மாமன் நானில்லாமயா?"

"சின்னண்ணன் சீர் செய்யறேன்னுட்டாருங்க. நீங்க நல்லாச் சுத்திப் பாத்துட்டு வாங்க."

"புள்ள என்ன சொன்னா?"

"ரண்டு நாளாச் சோறு திங்கல. இன்னைக்கு எந்திரிச்சு ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துப்போட்டாளுங்க."

மாப்பிள்ளைப் பேச்சு வந்தபோதே, நானில்லாமல் எவன் தாலி கட்டிவிடுவான் என்று உன்னிடம் மார்தட்டிவிட்டுத்தானே விமானம் ஏறினேன்! எனக்கு ஒரு தம்பி இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

இது வந்து சேரும்போது நீ புகுந்த வீட்டில் இருப்பாய். அந்த விலாசம்கூட எனக்குத் தெரியாது. அம்மா கொடுத்தனுப்பட்டும்.

இன்று காலை அந்தப் பட்டறை வாத்தியாரம்மா விடுதிக்கே வந்து, லேத்தில் நிற்கும்போது போடும் கண்ணாடி ஒன்றை உனக்கென்று கொடுத்தார். பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

வெங்காயம் அரியும்போது போட்டுக்கொள், கண்ணு.

ஒன்றுக்கும் உதவாத,
உன் பெரிய மாமன்