கேஸில் இல்லாத கதை

என்ர ஆசைத் தங்கச்சி ஜெயந்தி,

சொல்லிப்போட்டன்! ஓம், வதனியிட்டச் சொல்லியே போட்டன். நீங்கள் இருந்திருந்தால் நேற்றே போனில கோல் எடுத்திருப்பன். எனக்கு எழுத்து வராதே, அதால நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுறாள், கனடாவில, அஜக்ஸில தன்ர வீட்டுக் குசினி மேசையில இருந்து. “மெல்லச் சொல்லுங்கோ பெரியப்பா, கை நோகுது” எண்டு பேச்சு வேற.

இந்தக் கடிதத்தைப் பேப்பரிலயும் போடுவமாம். அதால உங்களைத் தெரியாத ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன். நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் கிடந்த என்னை டொக்டர்தான் உங்களிட்ட அனுப்பினவர், மனசுக்கு வைத்தியம் செய்யிற பிள்ளையெண்டு. எனக்கோ, மேசைக்கு அங்கால இருந்து கேள்வி கேட்கிற எல்லாரும் இமிக்கிரேசன். அகதிக் கேஸுக்குப் பாடமாக்கின கதையைத் திகதி பிசகாமல் ஒப்பிச்சன். அடுத்த கிழமையும் அதே கதை. அதுக்கடுத்த கிழமையும்.

ஐஞ்சாம் முறை நீங்கள் சிரிச்சுப்போட்டீங்கள். “அண்ணை, உது கேஸ் கதை. கேஸ் வெண்டு எத்தினை வருசம்! உங்கட கதையை எப்ப சொல்லப் போறியள்?”

“அப்ப நான் பொய்யனோ?”

“இல்லையண்ணை. ஆனா ஒரு இடத்தில மட்டும் மூச்சு விடாமல் ஓடுறியள்.”

“தம்பி என்ர மடியில செத்தான்” எண்ட இடம். அதுதான் பொய். ஊரில சண்டைக்குள்ள, செல்லடியில காயப்பட்டுக் கிடந்த என்ர தம்பி சிவத்தை விட்டிட்டு ஓடினனான். இடுப்பில அவன்ர மகள் வதனி, மூண்டு வயசு, தாயும் இல்லாத பிள்ளை. “பிள்ளையைக் கொண்டு ஓடண்ணை” எண்டான். நான் திரும்பிப் பார்க்கேல்லை. எப்ப செத்தான், தண்ணி கேட்டானோ, ஒண்டும் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவரிட்ட அதைச் சொல்ல வெக்கப்பட்டு மடியில செத்தவனாக்கிப்போட்டன். வதனியையும் அதைச் சொல்லியே வளர்த்தன்.

நீங்கள் ஏசேல்லை. “வதனிக்குச் சொல்லவேணும் அண்ணை. நான் பக்கத்தில இருக்கிறன்” எண்டீங்கள். பிறகு நீங்களே படுக்கையில விழுந்திட்டியள். உங்களோட எனக்குக் கோவமாக்கூட இருந்தது, தெரியுமோ?

உங்கட செத்தவீட்டில பாஷை தெரியாத எத்தினை சனம்! ஒரு ஆபிரிக்க அம்மா, பனிக்குள்ள வந்திறங்கின தன்ர பிள்ளையளுக்கு நீங்கள் சப்பாத்து போட்டுவிட்டதைக் கையால காட்டிக் காட்டி அழுதா. வருசா வருசம் லீவெடுத்து அகதி முகாமுகளுக்குப் போனனீங்களாம். எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?

நேற்று மத்தியானம் வதனி தோசை சுட்டுக்கொண்டு நிண்டாள். சொன்னன். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, சப்பாத்துகூடப் போடாமல் வெளியில போய்க் காருக்குள்ள இருந்தாள். யன்னலால பார்த்துக்கொண்டு நிண்டன். கார் வெளிக்கிட்டால் என்ர பிள்ளை போச்சு.

திரும்பி வந்தாள். “அப்பா அண்டைக்கு என்ன சேட்டு போட்டிருந்தவர்?”

நீலக் கோடு போட்டது. மேல் பொத்தான் இல்லை.

“பிறகு?”

பிறகு வாயை மூட விட்டால்தானே, தங்கச்சி! அவன் விசிலடிக்கிற விதம், காட்ஸ் விளையாட்டில செய்யிற கள்ளம், இவள் நடக்கத் தொடங்கின அண்டைக்கு ஒழுங்கைச் சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினது. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சொன்னன். ஒரு பொய்யைக் காக்கவெண்டு, அவன் உயிரோட இருந்த நாளெல்லாத்தையும் அவளுக்குக் குடுக்காமல் வைச்சிருந்திருக்கிறன், என்ன?

“உங்களோட இன்னும் கோவம்தான் பெரியப்பா. நாளைக்கும் சொல்லுங்கோ” எண்டாள்.

சொல்லுவன். அவள்ர கோவம் ஆறினாலும் சொல்லுவன், ஆறாட்டியும் சொல்லுவன். தெரியாததைத் தெரியாதெண்டே சொல்லுவன். இது உங்களுக்குத் தாற சத்தியம்.

உங்கட அண்ணை,
கந்தையா

எழுதினது: சிவத்தின்ர மகள்